சைட்டேஷன் வருமா என்று கேட்ட பிள்ளைகளுக்கு

வடசென்னையிலிருந்து உயிரியலும் உயிர்வேதியியலும் படித்து ஆய்வுக்குப் போகும் தம்பி தங்கைகளுக்கு,

போன மாதம் உங்களில் சிலர் படிக்கும் கல்லூரிக்குப் பேச வந்திருந்தேன். வாசலில் ஆளுயரத்துக்கு ஒரு ஃபிளெக்ஸ் பேனர். ‘உலகின் முதல் 2 சதவீத விஞ்ஞானிகள்’ பட்டியலில் இடம்பிடித்த ஆசிரியர் ஒருவருக்கு வாழ்த்து. கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் பேனர் வைக்கிற நம் ஊரில் ஆராய்ச்சிக்கும் வைக்கிறார்களே என்று சந்தோஷமாகத்தான் உள்ளே போனேன். பேசி முடித்ததும் கடைசி வரிசையிலிருந்து ஒரு தங்கை எழுந்தாள். “மேடம், எந்த டாபிக் எடுத்தா சைட்டேஷன் நிறைய வரும்?”

அரங்கில் யாரும் சிரிக்கவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் பேனாவைத் திறந்துகொண்டார்கள். பதிலை எழுதிக்கொள்ளத்தான். நான் ஏதோ சொல்லி மழுப்பிவிட்டு இறங்கினேன். வீட்டுக்கு வந்த பிறகு அது உறுத்திக்கொண்டே இருந்தது. அன்று சொல்லாமல் விட்டதை இந்த மடலில் சொல்லிவிடுகிறேன்.

முதலில் ஒன்று. அந்தக் கேள்வியில் தப்பே இல்லை. நான் பிறந்தது ராயபுரம், கல்மண்டபம் பக்கம். நைனாவுக்குத் துறைமுகத்தில் வேலை. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். உங்களில் பலரும் அப்படித்தான் என்று தெரியும். காசிமேட்டில் ஏலம் எடுக்கிற அம்மா, மணலிக்கு ஷிஃப்ட் போகிற அப்பா, தண்டையார்பேட்டையில் ஒற்றை அறை வீடு. ஃபெலோஷிப் கொடுக்கிறவர்களும் வேலைக்கு எடுக்கிறவர்களும் எண்ணைக் கேட்கிறார்கள். எண் இல்லாமல் உள்ளே போக முடியாது என்று பயந்துதான் அந்தப் பிள்ளை கேட்டாள். அந்தப் பயம் நியாயமானது. ஆனால் அந்த எண் எதை எண்ணுகிறது, எதை எண்ணாமல் விடுகிறது என்று தெரிந்துகொண்டு அதன் பின்னால் போங்கள்.

சைட்டேஷன், அதாவது மேற்கோள் என்பது என்ன? உங்கள் கட்டுரையின் கடைசியில், ‘இன்னார் செய்த இந்த வேலையை எடுத்துப் பயன்படுத்தினேன்’ என்று ஒரு வரி எழுதுகிறீர்கள். அவ்வளவுதான். அந்த வரிகளை எல்லாம் திரட்டி ஓர் அட்டவணை ஆக்கலாம் என்று 1955-இல் ‘சயன்ஸ்’ இதழில் எழுதியவர் யூஜின் கார்ஃபீல்ட். ஒரு பழைய தீர்ப்பு பிறகு எந்தெந்த வழக்கில் எடுத்தாளப்பட்டது என்று பார்க்க அமெரிக்க வக்கீல்கள் வைத்திருந்த அட்டவணைதான் அவருக்கு முன்மாதிரி. 1964-இல் அவருடைய ‘சயன்ஸ் சைட்டேஷன் இண்டெக்ஸ்’ வந்தது. அவர் அதைச் செய்தது தேடுவதற்காக. ஆளை எடை போடும் தராசாக அது மாறியது பிறகுதான். 2005-இல் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் ஹெச்-இண்டெக்ஸைக் கொண்டுவந்தார். உங்கள் கட்டுரைகளில் பத்துக்குத் தலா பத்து மேற்கோளாவது கிடைத்திருந்தால் உங்கள் எண் 10. இன்று நீங்கள் கைபேசியில் தினமும் பார்க்கிற எண் இதுதான்.

இனி ஒரு மனிதரின் கதை. இந்தத் துறையில் இருக்கிற உங்கள் எல்லோருக்கும் அவர் பெயர் தெரியும். பெயர் மட்டும்.

எல்லாப்பிரகட சுப்பாராவ், 1895 ஜனவரி 12-இல் பீமவரத்தில் பிறந்தவர். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்து, மாநிலக் கல்லூரி வழியாகச் சென்னை மருத்துவக் கல்லூரிக்குப் போனார். காந்தியின் பேச்சைக் கேட்டு கதர் கோட்டு போட்டுக்கொண்டு அறுவை சிகிச்சை வகுப்புக்குப் போனதால் ஆங்கிலேயப் பேராசிரியருக்கு அவரைப் பிடிக்காமல் போயிற்று. நன்றாக எழுதியும் எம்.பி.பி.எஸ். கிடைக்கவில்லை. அதைவிடக் குறைந்த எல்.எம்.எஸ். பட்டம்தான் கொடுத்தார்கள். சகோதரர்கள் இருவரை ஸ்ப்ரூ என்ற குடல் நோய் சில நாள் இடைவெளியில் கொண்டுபோனது. அதே நோய் அவருக்கும் வந்தது, ஆயுர்வேத வைத்தியர் ஆசண்ட லட்சுமிபதி குணப்படுத்தினார். லட்சுமிபதியின் ஆயுர்வேதக் கல்லூரியிலேயே உடற்கூறு கற்பித்துக்கொண்டிருந்துவிட்டு, 1922-இல் மாமனார் கொடுத்த பணத்தில் பாஸ்டனுக்குக் கப்பலேறினார். ஹார்வர்டில் படித்தபடியே ராத்திரியில் மருத்துவமனையில் கழிகலம் கழுவும் வேலை பார்த்தார்.

அங்கே சைரஸ் ஃபிஸ்க் என்ற உயிர்வேதியியல் ஆசிரியரிடம் சேர்ந்தார். 1925-இல் இருவர் பெயரிலும் ஒரு கட்டுரை வந்தது. பாஸ்பரஸை நிறம் பார்த்து அளப்பது எப்படி என்ற கட்டுரை. ஆம், நீங்கள் பிராக்டிகலில் செய்கிற அதே ஃபிஸ்க்-சுப்பாராவ் முறைதான்.

பத்தொன்பது வயதில் அதை முதல்முறை செய்தது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. புரதம் நீக்கிய தெளிந்த நீரைச் சோதனைக் குழாயில் எடுத்து, அமிலம் சேர்த்த மாலிப்டேட் கரைசலை விட வேண்டும். ஒன்றும் நடக்காது. பிறகு பழுப்பு பாட்டிலில் இருக்கிற, நீலத்தை வரவைக்கும் ஆன்சா கரைசலில் துளி. உலுக்கி வைத்துவிட்டு கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். முதலில் வெளிறிய நீலம். கொஞ்சம் கொஞ்சமாக அடர்ந்து, வெயில் ஏறிய பிறகு காசிமேட்டுப் பாலத்திலிருந்து பார்த்தால் தெரிகிற கடல் நிறத்துக்கு வந்து நிற்கும். நீலம் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு பாஸ்பேட். ஆன்சாவைப் புதிதாகக் கலக்காவிட்டால் கணக்கே தப்பிவிடும். எங்கள் லேபில் அட்டெண்டராக இருந்த அண்ணன் அதைக் காலை எட்டரைக்கே வந்து கலந்து வைத்திருப்பார். நாங்கள் வந்து துளி விட்டு மார்க் வாங்கிக்கொண்டு போவோம்.

இந்த முறையை வைத்துக்கொண்டு ஃபிஸ்க்கும் சுப்பாராவும் தசையைச் சோதித்தபோது ஒரு வில்லங்கம் வந்தது. தசைச் சாற்றில் நீலம் வர வேண்டிய வேகத்தில் வரவில்லை. தாமதமாக, மெல்ல மெல்ல ஏறியது. வேறு யாராக இருந்தாலும் கரைசல் கெட்டுவிட்டது என்று கொட்டிவிட்டுப் புதிதாகக் கலந்திருப்பார்கள். அவர்கள் அந்தத் தாமதத்தைக் கவனித்தார்கள். பாஸ்பேட் எதனுடனோ கட்டுண்டு கிடக்கிறது, அமிலம் பட்டதும் கொஞ்சம் கொஞ்சமாக அவிழ்கிறது, அதனால்தான் நிறம் மெதுவாக ஏறுகிறது. அந்தப் பொருள்தான் பாஸ்போகிரியாட்டின். 1927-இல் அறிவித்தார்கள். அதே காலத்தில் இங்கிலாந்தில் எக்கிள்டன் தம்பதியும் அதை எட்டியிருந்தார்கள். 1929-இல் தசையிலிருந்து ஏடிபி. ஜெர்மனியில் கார்ல் லோமானும் அதே ஆண்டு. உடம்பில் எந்தச் செல்லுக்கும் எரிசக்தி எதில் கைமாறுகிறது என்று பள்ளிப் புத்தகத்தில் படிக்கிறோமே, அந்த ஏடிபி.

இப்போது மேற்கோள் கணக்கைப் பாருங்கள். 1925-ஆம் ஆண்டுக் கட்டுரை ஆயிரமாயிரம் தடவை மேற்கோள் காட்டப்பட்டது. கார்ஃபீல்ட் தொகுத்த அதிக மேற்கோள் பெற்ற கட்டுரைகளின் பட்டியல்களில் இடம்பெற்றது. ஏடிபி பற்றிய கட்டுரையை யார் மேற்கோள் காட்டுகிறார்கள்? அதனோடு ஒப்பிட்டால் மிகச் சிலரே. ஏடிபி என்று எழுதினால் போதும், அது எல்லோருக்கும் சொந்தமாகிவிட்டது. ஒரு கண்டுபிடிப்பு மிகப் பெரியதாகிவிட்டால் அதைச் செய்தவர் பெயர் உதிர்ந்துவிடும். சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் இதைப் பற்றியே எழுதியிருக்கிறார். செய்முறைக் கட்டுரைக்கு அப்படி இல்லை. ஒவ்வொரு முறை செய்யும்போதும் ‘இன்னார் முறைப்படி’ என்று எழுதியாக வேண்டும். அதனால் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகும். உலகிலேயே அதிகம் மேற்கோள் பெற்ற கட்டுரை, 1951-இல் வந்த லோரியின் புரத அளவீட்டு முறை. 2014 கணக்குப்படி 3 லட்சத்துக்கும் மேல். அது ஒன்றும் மகத்தான கட்டுரை அல்ல என்று லோரியே எழுதியிருக்கிறார்.

இன்னொன்றும் உண்டு. அச்சில் வந்த அந்த மேற்கோள் அட்டவணையில் எடுத்தாளப்பட்ட கட்டுரை முதல் ஆசிரியர் பெயரின் கீழ் மட்டுமே இருக்கும். ஃபிஸ்க் என்று தேடினால்தான் 1925-ஆம் ஆண்டுக் கட்டுரை கிடைக்கும். சுப்பாராவ் என்று தேடிப் போனவருக்கு அந்த ஆயிரங்கள் எதுவும் கண்ணில் படாது. அவர் பெயரை உயிரோடு வைத்திருந்தது அட்டவணை அல்ல. லேபில் எழுதும் ஆட்கள் ‘ஃபிஸ்க்-சுப்பாராவ்’ என்று இரண்டு பெயரையும் சேர்த்துச் சொன்ன பழக்கம்தான். வண்ணாரப்பேட்டையிலும் சரி, வாஷிங்டனிலும் சரி, நீலம் வரவைக்கும் ஒவ்வொரு மாணவியும் அந்தப் பெயரைச் சொல்லியாக வேண்டும்.

ஹார்வர்டு அவருக்கு நிரந்தரப் பதவி தரவில்லை. 1988-இல் நோபல் பெற்ற ஜார்ஜ் ஹிட்சிங்ஸ் ஃபிஸ்க்கின் ஆய்வுக்கூடத்திலேயே படித்தவர். சுப்பாராவ் பிரித்தெடுத்த சில பொருள்களைப் பல வருஷம் கழித்து மற்றவர்கள் மறுபடி கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று என்றும், ஃபிஸ்க் பொறாமையால் அவற்றை வெளிவர விடவில்லை போலும் என்றும் அவர் பின்னாளில் சொன்னார். 1940-இல் சுப்பாராவ் நியூயார்க் மாநிலத்தின் பேர்ல் ரிவரில் லெடர்லே மருந்து நிறுவனத்துக்குப் போனார். சில ஆண்டுகளில் ஆராய்ச்சி இயக்குநர் ஆனார். அங்கேதான் அவருடைய பெரிய வேலைகள் நடந்தன. அவர் பெயர் காணாமல் போனதும் அங்கேதான். பறித்தவர் ஒருவரும் இல்லை. அவரே முன்னால் நிற்க மறுத்தார்.

1946-இல் ‘சயன்ஸ்’ இதழில் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்த செய்தி வந்தது. பதினாறு பேர் பெயர். தலைவர் சுப்பாராவின் பெயர் ஏழாவது. ஏன் ஏழாவது? அவருடைய குழுவினர் எல்லோரையும் அகரவரிசையில் அடுக்கியிருக்கிறார்கள். அந்த வரிசையில் அவருக்கு விழுந்த இடம் ஏழு. முதல் பெயர் ஆங்கியர். அதனால் உலகம் அதை ‘ஆங்கியர் மற்றும் பிறர்’ என்று மேற்கோள் காட்டுகிறது. சுப்பாராவ் அந்த ‘மற்றும் பிறர்’ என்ற சொல்லுக்குள் இருக்கிறார். 1947-இல் யானைக்கால் கிருமிக்கான மருந்து வந்தது. அதிலும் அவர் ‘ஹெவிட் மற்றும் பிறர்’. 1948 ஜூன் மாதம் சிட்னி ஃபார்பர் ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு அமினாப்டெரின் கொடுத்து, பதினாறு பேரில் பத்துப் பேரிடம் முன்னேற்றம் கண்டதை எழுதினார். மருந்து சுப்பாராவின் ஆய்வுக்கூடத்திலிருந்து போனது. கட்டுரை ஆசிரியர் வரிசையில் அவர் இல்லை. அதற்கு இரண்டு மாதம் கழித்து, ஆகஸ்டில், தூக்கத்திலேயே இறந்துபோனார். வயது 53.

இனி நம் தெருவுக்கு வருகிறேன்.

என் ஆயாவுக்கு இடது கால் யானைக்கால். சின்ன வயதில் அந்தக் காலின் மேல் படுத்துத் தூங்கியிருக்கிறேன். எங்கள் தெருவில் மட்டும் ஐந்தாறு பேருக்கு இருந்தது. பக்கிங்ஹாம் கால்வாயும் தேங்கிய சாக்கடையும் க்யூலெக்ஸ் கொசுவும் இருந்தால் வேறு என்ன வரும்? எழுபதுகளில் ராத்திரி பத்து மணிக்கு மேல் சுகாதார ஆட்கள் டார்ச் விளக்கோடு வந்து கதவைத் தட்டுவார்கள். தூக்கக் கலக்கத்தில் விரலை நீட்ட வேண்டும். ஊசியால் குத்தி, மூன்று சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தேய்த்துக்கொண்டு போவார்கள். பகலில் ஏன் வரவில்லை என்று நைனா சண்டை பிடித்தது ஞாபகம் இருக்கிறது. அந்தப் புழுவின் குஞ்சுகள் பகலில் உள்ளே பதுங்கி, கொசு கடிக்கிற ராத்திரி நேரத்தில்தான் வெளிரத்தத்துக்கு வரும் என்று கல்லூரியில் படித்தபோதுதான் எனக்கே புரிந்தது. கிருமி இருக்கிறது என்று வந்தவர்களுக்குப் பன்னிரண்டு நாளுக்கு மாத்திரை. எனக்கும் ஒரு தடவை கொடுத்தார்கள். தலை சுற்றி, காய்ச்சல் அடித்து, ஆயா மடியில் கிடந்தேன். “புழு சாவுதுடி, அதான் காய்ச்சல்” என்றாள். அவள் படிக்காதவள். சொன்னது சரிதான்.

அந்த மாத்திரை டைஎதில்கார்பமசின், டி.இ.சி. 1947-இல் சுப்பாராவின் ஆட்கள் கண்டுபிடித்தது. ஆயாவின் கால் வடியவில்லை, வீங்கிய காலை அது வடிக்காது. ஆனால் எனக்குக் கால் வீங்கவில்லை. அந்தத் தெருவில் என் வயதுக்காரர்கள் யாருக்கும் வீங்கவில்லை. சீனா இந்த மருந்தை உப்பில் கலந்தே கொடுத்தது. 2007-இல் அங்கே யானைக்கால் நோய் ஒழிந்தது என்று உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்டது. இலங்கைக்கு அந்தச் சான்று 2016-இல் கிடைத்தது. நம் நாட்டில் 2004-இலிருந்து நோய் பரவிய மாவட்டங்களில் வருஷத்துக்கு ஒரு முறை அநேகமாக எல்லோருக்கும் கொடுக்கிறார்கள். பெரியவர்களுக்கு மூன்று மாத்திரை, ஊழியர் கண் முன்னாலேயே விழுங்க வேண்டும்.

ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பாருங்கள். கர்ப்பிணிகள் கையில் இருக்கிற சிவப்பு சத்து மாத்திரையில் இரும்புடன் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் இருக்கிறது. அந்தச் சத்து எதற்கென்று முதலில் தடம் பிடித்தவர் லூசி வில்ஸ். 1931-இல், பம்பாயில் ஆலைத் தொழிலாளிப் பெண்களின் ரத்தசோகையைப் பார்த்து. சுப்பாராவின் சகோதரர்களைக் கொன்ற ஸ்ப்ரூவுக்கும் பிறகு அதே ஃபோலிக் அமிலம் மருந்தாயிற்று. ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் வாத நோய்க்கு வாரம் ஒரு முறை போடச் சொல்லும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரையும் அந்த அமினாப்டெரினின் தங்கைதான். விழுங்குகிறவர்கள் யாரும் மேற்கோள் எழுதுவதில்லை. என் ஆயா ஹெச்-இண்டெக்ஸில் வரமாட்டாள்.

இதைச் சொன்னால் உங்களில் கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று உடனே கேட்கும். “அப்போ மேற்கோளே வேண்டாமா மேடம்? பயன் இருந்தா போதுமா?” அப்படி நான் சொல்லவில்லை. மேற்கோளை நான் மதிக்கிறேன். மதிப்பெண்ணாக அதை மதிக்கவில்லை, கடன் சீட்டாக மதிக்கிறேன். யாரிடம் வாங்கினோமோ அவர் பெயரை எழுதிக் கொடுக்கிற சீட்டு. அந்தச் சீட்டை ஒழுங்காக எழுதாததால் என்ன ஆகும் என்பதை என் சொந்த வேலையிலிருந்தே சொல்கிறேன்.

தொண்ணூறுகளில் நான் எண்ணூர் கழிமுகத்தில் மடவை மீனை எடுத்துக்கொண்டு ஆய்வு செய்தேன். எண்ணூர் மடவையின் செவுளையும் பழவேற்காட்டு மடவையின் செவுளையும் ஒப்பிட்டு, உப்பை வெளியேற்றும் ஏடிபியேஸ் நொதி எவ்வளவு வேலை செய்கிறது என்று பார்ப்பது. செவுளை அரைத்து, ஏடிபியைக் கொடுத்து, நொதி அதை உடைத்ததும் வெளிவரும் பாஸ்பேட்டை ஃபிஸ்க்-சுப்பாராவ் முறையில் அளந்தேன். கொடுத்த பொருளும் அளந்த முறையும் ஒரே மனிதர் கை வைத்தவை. ஆய்வேட்டில் முறைக்கு மட்டும் மேற்கோள் போட்டேன். அது போகட்டும், எல்லோரும் செய்வதுதான்.

நான் செய்த தப்பு வேறு. முதல் நாள் கையில் வரைபடம் வைத்துக்கொண்டு குப்பத்துக்குப் போனேன். எங்கே மாதிரி எடுக்க வேண்டும் என்று பென்சிலால் மூன்று புள்ளி வைத்திருந்தேன். படகுக்கார அண்ணன் அதை வாங்கிப் பார்த்தார். “இன்னாம்மா இது? இங்க மொண்டா உனுக்கு ஒண்ணியும் தெரியாது. வெள்ளம் ஏறச்சொல்லோ நல்ல தண்ணி வந்துரும். அந்தாண்ட வா” என்று வேறு இடத்துக்கு ஓட்டினார். எந்த இடத்தில் சுடுதண்ணீர் கலக்கிறது, எந்த மூலையில் மீன் மண்ணெண்ணெய் வாசம் அடிக்கிறது, எந்த நேரத்தில் எந்த ஓட்டத்தில் மடவை எந்தப் பக்கம் ஒதுங்கும், எல்லாம் அவர் சொன்னதுதான். ஒன்றரை வருஷம் அவரோடு போனேன். வலையில் விழுந்த மீனைத் தூக்கிக் காட்டி, செவுளைப் பிரித்து, “இதப் பாரு, ரத்தச் செவப்பே இல்ல, வெளுத்துப்போச்சி” என்று அவர்தான் முதலில் காட்டினார். மைக்ராஸ்கோப்பில் அதை நான் பார்த்தது அதற்கு நான்கு மாதம் கழித்து.

கட்டுரையில் என்ன எழுதினேன் தெரியுமா? ‘முன்னோட்டக் கள ஆய்வின் அடிப்படையில் மூன்று நிலையங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன.’ நிலையம் ஒன்று, நிலையம் இரண்டு, நிலையம் மூன்று. நன்றியுரையில் துறைத்தலைவர், முதல்வர், நிதி கொடுத்த அமைப்பு. படகுக்கார அண்ணன் பெயர் இல்லை. காலை எட்டரைக்கு வந்து ஆன்சா கலந்து வைத்த அட்டெண்டர் அண்ணன் பெயரும் இல்லை. யாரும் என்னைத் தடுக்கவில்லை. எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றவேயில்லை, அதுதான் வெட்கம். என் பெயரை ஒரு கட்டுரையிலிருந்து விட்டுவிட்டார்கள் என்று அதே வருஷம் அழுதவள் நான். சுப்பாராவுக்கு நடந்த அநியாயத்தை வகுப்பில் ஆவேசமாகச் சொல்லிக்கொண்டிருந்தவளும் நான்தான்.

உயிரியலில் ஒரு நல்ல மரபு உண்டு. ஓர் உயிரினத்தின் அறிவியல் பெயருக்குப் பின்னால் அதை முதலில் விவரித்தவர் பெயரையும் ஆண்டையும் எழுதுவோம். எண்ணூர் ஆற்றின் அடியை இப்போது கம்பளம் மாதிரி மூடிக்கிடக்கிறதே ஒரு கறுப்புச் சிப்பி, தென்னமெரிக்காவிலிருந்து வந்தது, அதன் பெயர் மைட்டெல்லா ஸ்ட்ரிகேட்டா. பின்னால் அடைப்புக்குறிக்குள் ஹான்லி, 1843. நூற்று எண்பது வருஷத்துக்கு முன் விவரித்தவருக்கு இன்றும் மரியாதை செய்கிறோம். சந்தோஷம். ஆனால் அது நம் ஆற்றுக்குள் நுழைந்துவிட்டது, இறால் மேயும் சேற்றை மூடுகிறது, மஞ்ச மட்டியைக் காணோம் என்று நீங்களும் நானும் கேள்விப்படுவதற்கு முன்பே பார்த்தவர்கள் அங்கே கையால் இறால் தடவிப் பிடிக்கிறவர்கள். அவர்கள்தான் அதற்குக் ‘காக்கா ஆழி’ என்று பெயர் வைத்தார்கள். உங்களில் சிலர் இனி அதைப் பற்றி எழுதுவீர்கள். ஹான்லி பக்கத்தில் அவர்களுக்கும் ஒரு வரி இருக்க வேண்டாமா?

சுப்பாராவுக்குப் பின்னாளில் அப்படி ஒரு மரியாதை கிடைத்தது. 1953-இல் ஹெசல்டைன் என்ற பூஞ்சையியலாளர், கழிவுநீர் வடிகட்டிகளில் வளரும் ஒரு பூஞ்சைப் பேரினத்துக்கு சுப்பாரோமைசஸ் என்று பெயரிட்டார். 1995-இல் இந்திய அரசு தபால்தலை வெளியிட்டது. இரண்டும் அவர் போன பிறகு வந்தவை.

அந்தத் தங்கையின் கேள்விக்கு வருகிறேன். எந்தத் தலைப்பு எடுத்தால் சைட்டேஷன் வரும்? பலர் கைக்கும் உதவுகிற ஒரு செய்முறையைச் சுத்தமாக உருவாக்கிக் கொடுத்தால் வரும். உலகமே ஓடுகிற தலைப்பில் சேர்ந்து ஓடினாலும் கொஞ்சம் வரும். எண்ணூரில் மடவை ஏன் குறைந்தது என்று எழுதினால் அவ்வளவாக வராது. 2017 ஜனவரியில் இரண்டு கப்பல் மோதிக் கடலில் எண்ணெய் கொட்டியது. 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு ஆற்றில் எண்ணெய் இறங்கியது. அதே மாதக் கடைசியில் பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்து ஜனங்கள் ராத்திரியில் ஓடினார்கள். இதற்குப் பிறகு நண்டும் இறாலும் குழந்தைகளின் நுரையீரலும் என்ன ஆயின என்று பத்து வருஷம் பொறுமையாக அளக்கிற வேலைக்கு உலகம் மேற்கோளை அள்ளிக் கொடுக்காது. ஆனால் அதை வேறு யார் செய்வார்கள்? உள்ளே போக வேண்டிய எண்ணுக்கு இரண்டு கட்டுரை எழுதிக்கொள்ளுங்கள், நான் குறை சொல்ல மாட்டேன். ஒரு கேள்வியையாவது இந்தக் கரையிலிருந்து எடுங்கள். நீலம் தாமதமாக வந்தால் கொட்டிவிடாதீர்கள்.

மேற்கோள் போடும்போது படித்ததைப் போடுங்கள். அடுத்தவர் பட்டியலிலிருந்து வெட்டி ஒட்டாதீர்கள். வழிகாட்டி சொன்னார் என்பதற்காகச் சம்பந்தமில்லாத கட்டுரையைச் சேர்க்காதீர்கள். நண்பர்கள் ஒருவருக்கொருவர் மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்வதை உதவி என்று நினைக்காதீர்கள், அது பொய்க்கணக்கு. ‘மற்றும் பிறர்’ என்று எழுதுகிற ஒவ்வொரு தடவையும் அந்தப் பிறர் யார் என்று ஒரு முறை மூலக் கட்டுரையைத் திறந்து பாருங்கள். படகு ஓட்டியவர், கரைசல் கலந்தவர், வலை இழுத்தவர், ராத்திரியில் ரத்தம் எடுத்தவர் யாராக இருந்தாலும், அவர் சம்மதத்தைக் கேட்டுப் பெயரை எழுதுங்கள். ஆய்வு முழுக்க அவர் காட்டிய வழியில் நடந்திருந்தால் ஆசிரியர் வரிசையிலேயே எழுதுங்கள்.

என்னுடைய அந்த மடவைக் கட்டுரையைத் திருத்திப் போடலாம் என்று இரண்டு வருஷத்துக்கு முன் விசாரித்தேன். அந்த இதழ் நின்றே பல வருஷம் ஆகிறது. படகுக்கார அண்ணனும் இப்போது இல்லை. அவர் பெயரை இந்த மடலில் எழுதிவிட்டுக் கடன் தீர்ந்தது என்று நான் சொல்லிக்கொள்ள மாட்டேன், அது இருக்க வேண்டிய இடம் ஆய்வுக் கட்டுரை. அவர் வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகளிடம் சம்மதம் வாங்கி வைத்திருக்கிறேன். உங்களில் யாராவது எண்ணூர் மடவை பற்றி எழுதப்போகிறீர்கள் என்றால், பழைய அளவுகளோடு ஒப்பிட என் மூன்று நிலையங்கள் உங்களுக்குத் தேவைப்படும். குறிப்பேடுகள் எல்லாம் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. அன்று நான் பேசிய உங்கள் துறையில் கேட்டால் என் வீட்டைச் சொல்வார்கள். சாயந்தரத்தில் வாருங்கள். குறிப்பேட்டைக் கொடுக்கிறேன். அந்த மூன்று நிலையங்களையும் தேர்ந்தெடுத்தவர் பெயரையும் சொல்கிறேன், முதலில் அதை எழுதிக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
ராயபுரத்திலிருந்து உங்கள் பழைய உயிர்வேதியியல் ஆசிரியை